இசைக்கு டார்வின் மட்டும் போதுமா?

இரண்டு பகடைகளை உருட்டி இசையமைக்க முடியுமா? முடியும் என்று 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காட்டினார்கள். 1791இல் மொசார்ட் மறைந்த பிறகு, சில ஆண்டுகளுக்குள், அவர் பெயரால் இசை விளையாட்டு ஒன்று அச்சாகி வந்தது. 16 சிறு பகுதிகள் கொண்ட ஒரு நடன இசையை அமைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் 11 மாற்றுத் துண்டுகள் அட்டவணையில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. இரு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை வரும். அதாவது 11 வகை. வந்த எண்ணுக்குரிய துண்டை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். 16 முறை உருட்டி முடித்தால் நடன இசை தயார்!

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் உடனே 11இன் 16ஆம் அடுக்கைக் கண்டுபிடிப்பார். ஏறத்தாழ 46,000 இலட்சம் கோடி வரும். சில கட்டங்களில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவதால் உண்மையான எண்ணிக்கை இதனினும் குறைவே. ஆயினும் ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் உருட்டினாலும் தீராத அளவுக்கு இசை அதில் உண்டு. அதனினும் வியப்பு, எப்படி உருட்டினாலும் கேட்கத்தக்க இசையே வருகிறது என்பதுதான்.

இந்த இசையை அமைத்தது பகடையா? அல்ல. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வந்தாலும் காதை உறுத்தாதபடி முன்கூட்டியே எழுதி வைத்தவர்தாம் அமைத்தார். பகடை செய்ததெல்லாம் பொறுக்கி எடுத்ததுதான். இந்த எளிய உண்மையை நினைவில் வைத்துக்கொண்டு, நம் காலத்து ஆய்வு ஒன்றைச் சற்று விரிவாக எடைபோட்டுப் பார்ப்போம்.

ஒரு மாணவரின் கேள்வி

எங்கள் கல்லூரியில் இயற்பியல் மூன்றாமாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் சிறு வயது முதல் வயலின் கற்று வருபவர். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், கேட்கிறவர்கள் மார்க் போட்டாலே போதும், கணிப்பொறியில் பாட்டு தானாகவே வளர்ந்துவிடும் என்று படித்தேன். அப்படியானால் பாட்டு அமைக்கிறவர்கள் எதற்கு?" என்று கேட்டார். அவர் குரலில் அறிவியல் ஆர்வத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக விரல் தேயப் பழகியது வீணோ என்னும் ஐயம் அவருக்கு.

அவர் படித்தது 2012இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வைப் பற்றிய செய்தி. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த உயிரியல் அறிஞர்கள் ராபர்ட் மக்கல்லம், அர்மான் லெராய் முதலியோர் 'டார்வின் டியூன்ஸ்' என்னும் பெயரில் நடத்திய சோதனை அது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது.

நான் இசை அறிஞன் அல்லன், இயற்பியல் ஆசிரியன். ஆயினும் ஒரு சோதனை எதை மெய்ப்பித்தது, எதை மெய்ப்பிக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பது எல்லா அறிவியல் துறைகளுக்கும் பொதுவான வேலை. அந்த மாணவருக்குச் சொன்ன விடையையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

சோதனை நடந்த முறை

கணிப்பொறிக்குள் 100 இசைத் துண்டுகள். ஒவ்வொன்றும் 8 விநாடி நீளம்; முடிந்ததும் மறுபடி தொடங்கிச் சுழன்று ஒலிக்கும். ஆகவே இவற்றை 'இசைச் சுற்றுகள்' என்று அழைப்போம். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் அதை ஒலிக்கச் செய்யும் கட்டளைத் தொகுதி ஒன்று இருக்கிறது. உயிரிக்கு ஜீன்கள் எப்படியோ, சுற்றுக்கு இக்கட்டளைகள் அப்படி.

இணையதளத்தின் வழியாகப் பொதுமக்கள் இவற்றைக் கேட்டு, 'சகிக்க முடியவில்லை' என்பது முதல் 'மிகவும் பிடித்திருக்கிறது' என்பது வரை 5 படிகளில் மதிப்பிட்டனர். 20 சுற்றுகள் மதிப்பிடப்பட்டவுடன் அவற்றுள் சிறந்த 10 தேர்ந்தெடுக்கப்பட்டு இணை சேர்க்கப்பட்டன. இணையான இரு சுற்றுகளின் கட்டளைகள் கலந்து மறுசேர்க்கை அடைந்தன. இடையிடையே திடீர் மாற்றங்களும் புகுந்தன. இவ்வாறு பிறந்த புதிய சுற்றுகள் அடுத்த தலைமுறை ஆயின. 6,931 பேர் மதிப்பிட்டனர். 2,513 தலைமுறைகள் கடந்தன.

முடிவு என்ன? தொடக்கத்தில் வெறும் இரைச்சலாக இருந்தவை சில நூறு தலைமுறைகளில் இசை என்று சொல்லத்தக்க நிலையை அடைந்தன. வெவ்வேறு தலைமுறைச் சுற்றுகளைக் கலந்து, எது எந்தத் தலைமுறை என்று தெரியாதபடி கேட்கச் செய்தபோதும், பிந்தியவையே மிகுதியான மதிப்பெண் பெற்றன. ஆகவே இந்த வளர்ச்சி மெய்யானது; கேட்பவரின் கற்பனை அன்று. ஆனால் ஏறக்குறைய 600ஆம் தலைமுறைக்குப் பின் வளர்ச்சி தேங்கிவிட்டது. அதன்பின் வந்த ஏறத்தாழ 1,900 தலைமுறைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

செய்தித்தாள்கள் முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டன. 'இசையமைப்பாளர் இல்லாமல் பிறந்த இசை' என்னும் கருத்து பரவியது. நம் மாணவரை வருத்தியதும் இதுதான். என் கருத்தில், அந்த ஆய்வின் உண்மையான செல்வம் இரண்டாம் பகுதியில், அதாவது தேக்கத்தில் இருக்கிறது.

தேர்வு என்னும் சல்லடை

டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலின் முதல் அத்தியாயம் காட்டைப் பற்றியதன்று. வளர்ப்புப் பிராணிகளைப் பற்றியது. அதில் புறாக்களுக்குச் சிறப்பிடம் தந்தார். தாமே புறாக்களை வளர்த்தும் ஆராய்ந்தார். விசிறிவால் புறா, தொண்டை பருத்த புறா எனப் பல வகைகளை மனிதர் பொறுக்குதலாலேயே உருவாக்கினர் என்பதைக் காட்டி, அதன்பின்பே இயற்கைத் தேர்வுக்குச் சென்றார்.

தேர்வு நடைபெற மூன்று தேவை: ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்க வேண்டும், அவ்வேறுபாட்டுக்கேற்பச் சில பிழைத்துச் சில மறைய வேண்டும், பிழைத்தவற்றின் தன்மை சந்ததிக்குச் செல்ல வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் பரிணாமம் இல்லை.

'டார்வின் டியூன்ஸ்' சோதனையில் மூன்றும் உண்டு. ஆனால் அங்கு நடந்தது இயற்கைத் தேர்வு அன்று. புறா வளர்ப்போர் செய்த செயற்கைத் தேர்வின் இனத்தைச் சேர்ந்தது. 1986இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் கணிப்பொறித் திரையில் 'பயோமார்ஃப்' என்னும் கோட்டுருவங்களை வளர்த்துக் காட்டினார். 9 ஜீன்களால் ஆன அவ்வுருவங்களில் தமக்குப் பிடித்ததைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொண்டே போனார். பூச்சி போன்ற வடிவங்கள் தோன்றின. கண்ணின் இடத்தில் காதையும், ஒருவரின் இடத்தில் ஆயிரக்கணக்கானோரையும் வைத்ததே 2012இன் புதுமை.

தேர்வு என்பது ஒரு சல்லடை. சல்லடை நெல்லையும் பதரையும் பிரிக்கும், நெல்லை விளைவிக்காது. ஆயினும் உயிரியலில் ஒவ்வொரு முறையும் சலித்ததையே விதைத்து மீண்டும் சலிக்கிறோம். ஆதலால் கடைசியில் விளைவது தொடக்கத்தில் இல்லாத ஒன்றாக இருக்கக்கூடும். இந்த வலிமையை நான் குறைத்துப் பேசவில்லை. நான் கேட்பது இதுதான்: சல்லடையில் கொட்டப்படும் வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன? இசைக்குப் பொருந்தும் வேறுபாடுகளே வரும்படி யாரேனும் முன்பே ஏற்பாடு செய்து வைத்தார்களா?

ஏற்பாடு செய்தவர் யார்?

கணிப்பொறி இசையின் வரலாற்றை இக்கேள்வியோடு புரட்டினால் சுவையான செய்திகள் கிடைக்கின்றன.

1957இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர், லெனர்ட் ஐசக்சன் என்னும் இருவர் 'இல்லியாக்' கணிப்பொறியைக் கொண்டு நான்கு தந்திக் கருவிகளுக்கான இசையை உருவாக்கினர். அவர்கள் முறை எளிது. கணிப்பொறி குருட்டாம்போக்கில் ஒரு சுரத்தைத் தரும்; மேனாட்டு இசை இலக்கண விதிகளோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கும்; பொருந்தாவிட்டால் தள்ளிவிட்டு வேறொன்றைத் தரும். இங்குச் சல்லடையின் கண்கள் நூற்றாண்டுகளாக ஐரோப்பிய இசையாசிரியர் வகுத்த விதிகள்.

1994இல் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜான் பைல்ஸ் 'ஜென்ஜாம்' என்னும் அமைப்பை வெளியிட்டார். அவர் கணிப்பொறி ஆசிரியர்; டிரம்பெட் வாசிப்பவரும்கூட. ஜாஸ் இசையில் கலைஞர் கற்பனையாக வாசிக்கும் பகுதியைப் பரிணாம முறையில் கணிப்பொறிக்குக் கற்பிப்பதே அவர் நோக்கம். ஒருவர் அருகிலிருந்து கேட்டு, நன்றாக இருந்தால் ஒரு விசையையும் நன்றாக இல்லையென்றால் வேறொரு விசையையும் அழுத்த வேண்டும். ஆனால் கேட்பவரோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்க முடியும். கணிப்பொறி எவ்வளவு விரைந்தாலும் மனிதக் காது அதைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த நெரிசலைப் பைல்ஸ் தாமே எடுத்துக் கூறினார்.

அதற்கு அவர் 2001இல் கண்ட தீர்வுதான் நம் விவாதத்துக்கு மிகவும் வேண்டியது. மதிப்பிடும் வேலையையே அவர் நீக்கிவிட்டார்! அதற்கு ஈடாக, ஜாஸ் கலைஞர் வழக்கமாக ஆளும் இசைத்தொடர்களைத் தொடக்கச் சரக்காகப் போட்டார். அவற்றைக் கலக்கும் விதிகளையும் இசையறிவோடு அமைத்தார். கெட்டது பிறக்கவே வழியில்லாதபோது கெட்டதைக் களைய ஆள் எதற்கு? மொசார்ட் பெயரால் வந்த பகடை விளையாட்டின் இரகசியமும் இதுவே அல்லவா?

ஆக, இசையறிவை மூன்று இடங்களில் வைக்கலாம்: தொடக்கச் சரக்கில் வைக்கலாம், கலக்கும் விதியில் வைக்கலாம், சலிக்கும் காதில் வைக்கலாம். ஓரிடத்தில் குறைத்தால் மற்றோரிடத்தில் கூட்ட வேண்டியிருக்கிறது. மூன்று இடத்திலும் இல்லாமல் இசை வந்ததாக எனக்குத் தெரிந்து ஒரு சான்றும் இல்லை.

'டார்வின் டியூன்ஸ்' சோதனையில் தொடக்கச் சரக்கு இரைச்சல்தான் என்பது உண்மை. ஆனால் அதன் சட்டகத்தைக் கவனியுங்கள். 8 விநாடியில் முடிந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பதே ஒரு பெரிய கொடை. எந்த ஒலியையும் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தால் அங்கே தாளம் பிறந்துவிடுகிறது. டயானா டாய்ச் என்னும் உளவியல் அறிஞர் 1995இல் தற்செயலாக ஒன்றைக் கண்டறிந்தார். தாம் பதிவு செய்த பேச்சின் ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப ஒலித்தபோது, சிறிது நேரத்தில் அது பாடுவதுபோல் கேட்கத் தொடங்கியது. ஒலி மாறவில்லை, காதே அதைப் பாட்டாக்கிக்கொண்டது. எல்லாத் தலைமுறைச் சுற்றுகளும் ஒரே மாதிரி சுழன்றதால் தலைமுறைகளுக்கிடையே கண்ட உயர்வை இது பொய்யாக்காது. ஆனால் 'ஒன்றுமில்லாததிலிருந்து இசை' என்று சொல்வதை இது தடுக்கிறது. படைப்பாளி மறையவில்லை, சுரத்தை எழுதும் இடத்திலிருந்து சட்டகத்தை எழுதும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறார்.

காதின் களைப்பும் சராசரியின் குறையும்

இரண்டாவதாகக் காதைப் பார்ப்போம். ஒரு தலைமுறைக்கு 20 சுற்றுகள், ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டுமே கேட்டதாக வைத்துக்கொண்டாலும் 160 விநாடி ஆகும். 2,513 தலைமுறைக்கு 4,02,080 விநாடி; அதாவது ஏறத்தாழ 112 மணி நேரம். உயிரினங்களின் பரிணாமத்தோடு ஒப்பிட்டால் இது கண் சிமிட்டும் நேரமே. ஆனால் கேட்கும் மனிதருக்கு மலை.

இதனை நான் பட்டறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் சேர்ந்து 12 சிறு மெட்டுகளைக் கொண்ட சிறிய பரிணாமப் புரோகிராம் ஒன்றை எழுதினோம். முதல் ஐந்தாறு தலைமுறைகள் கேட்பதற்குக் கொண்டாட்டமாக இருந்தது. பதினைந்தாவது தலைமுறைக்குள் எல்லா மெட்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. எங்கள் காதும் மரத்துவிட்டது. நல்லதற்கும் கெட்டதற்கும் வேறுபாடு தெரியாமல் ஏதோ ஓர் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தோம். அதன்பின் நடந்தது தேர்வு அன்று, குலுக்கல். ஆயிரக்கணக்கானோரிடம் வேலையைப் பகிர்ந்து கொடுத்த இம்பீரியல் கல்லூரியாரின் ஏற்பாடு எவ்வளவு நேர்த்தியானது என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆனால் பலரிடம் பகிர்வதிலும் ஒரு விலை உண்டு. ஐந்து பேர் மதிப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மெட்டுக்கு 5, 5, 5, 1, 1 என மதிப்பெண் விழுகிறது, சராசரி 3.4. இரண்டாம் மெட்டுக்கு 4, 4, 4, 3, 3 விழுகிறது, சராசரி 3.6. சராசரியைக் கொண்டு தேர்ந்தால் இரண்டாவதே பிழைக்கும். மூவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்ட மெட்டு மறையும். யாரையும் பெரிதாக அசைக்காத மெட்டு சந்ததி பெறும். இது எந்த ஒரு சோதனையின் பிழையும் அன்று. சராசரி எடுக்கும் எல்லா முறைகளுக்கும் பொதுவான இயல்பு. எத்தனை பேர் எவ்வளவு நேரம் கேட்டனர் என்று கணக்கெடுத்து, அதைக் கொண்டே அடுத்த பாட்டை நம் கைப்பேசிக்கு அனுப்பும் ஏற்பாடுகளிலும் இந்த இயல்பு ஒளிந்திருக்கிறது. 'பலருக்குப் பிடித்தது' என்பதும் 'சிலருக்கு உயிரானது' என்பதும் வெவ்வேறு அளவுகள். ஒன்றை அளந்துவிட்டு மற்றதை அளந்ததாக எண்ணலாகாது.

வளர்ச்சி ஏன் நின்றது?

இனி அந்தத் தேக்கத்துக்கு வருவோம். முன்னேற்றம் நின்றதும் எளிதில் தோன்றும் விளக்கம், 'கேட்பவர்கள் சலித்துவிட்டார்கள். அல்லது உச்சியை எட்டிவிட்டார்கள்' என்பதே. ஆய்வாளர்கள் இந்த ஊகத்தோடு நிற்கவில்லை. ஜார்ஜ் பிரைஸ் என்பவர் 1970இல் தந்த சமன்பாட்டைப் பயன்படுத்தினர். அதன் பொருளைச் சொற்களில் கூறுவது கடினமன்று:

ஒரு தலைமுறையில் ஏற்படும் மாற்றம் = தேர்வினால் வரும் ஆதாயம் + கையளிப்பில் நேரும் மாற்றம்.

இரண்டாவது உறுப்பு பெரும்பாலும் நட்டமாகவே இருக்கும். அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் குழாய்நீர் விழுவதை நினைத்துப் பாருங்கள். நீர்மட்டம் உயர உயர அழுத்தம் கூடி ஓட்டை வழியே வெளியேறும் நீரும் கூடும். வரவும் செலவும் சமமானதும் மட்டம் நின்றுவிடும். குழாய் நின்றுவிட்டது என்று அப்போது சொல்லலாமா? 'டார்வின் டியூன்ஸ்' தேக்கத்துக்குப் பெரும் காரணம் கையளிப்பின் நம்பகம் குறைந்ததே என்று கணக்கு காட்டியது.

நம்பகம் ஏன் குறைந்தது? ஒரு மொழி எடுத்துக்காட்டால் விளங்கும். 'மழை பெய்ததால் பயிர் செழித்தது', 'வண்டி பழுதானதால் நடந்து வந்தேன்' என்னும் இரண்டு வாக்கியங்களைப் பாதியில் வெட்டி மாற்றி ஒட்டுங்கள். 'மழை பெய்ததால் நடந்து வந்தேன்' என்பது ஒருவாறு பொருள் தருகிறது. 'வண்டி பழுதானதால் பயிர் செழித்தது' என்பதோ சிரிப்பைத்தான் வரவழைக்கும். வெறும் எழுத்துக் குவியலை வெட்டி ஒட்டினால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்து பொருள் தரத் தொடங்கிய பிறகுதான் வெட்டு வலிக்கிறது. நல்ல மெட்டும் அத்தகையது. தொடக்கத்தில் எழுப்பிய எதிர்பார்ப்பை முடிவில் நிறைவேற்றுவது அது. தாய் மெட்டின் தலையையும் தந்தை மெட்டின் வாலையும் ஒட்டினால் எதிர்பார்ப்பு ஒரு பக்கமும் நிறைவு வேறொரு பக்கமும் நிற்கும்.

இசை கேட்கத்தக்கதாக ஆக ஆக, அதைச் சிதைக்காமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது கடினமாகிறது. இந்த முடிவே அந்த ஆய்வின் மணிமகுடம் என்பேன். உலகெங்கும் இசை எப்படிக் கைமாறி வந்திருக்கிறது? குரு பாட, மாணவர் கேட்டுத் திருப்பிப் பாட, பிழையைக் குரு திருத்த, மறுபடி பாட என்று வந்திருக்கிறது. வேறு இடங்களில் சுரலிபி எழுதி வைத்துப் பாதுகாத்தார்கள். இவையெல்லாம் தொட்டியின் ஓட்டையை அடைக்கும் ஏற்பாடுகள். பயிற்சி என்றும் பாடாந்தரம் என்றும் நாம் சொல்வது பழமைப் பற்று மட்டும் அன்று. பிரைஸ் சமன்பாட்டின் இரண்டாம் உறுப்பைச் சிறிதாக்கும் முயற்சி. வெட்டி ஒட்டும் கணிப்பொறிக்கு அந்த ஆசிரியர் இல்லை.

காதும் மாறும்

ஆய்வின் எல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். மெட்டுகள் பரிணமித்தன, அவற்றை மதிப்பிட்ட காதுகள் பரிணமிக்க அங்கு வழியில்லை. மெய்யுலகில் இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. 1913 மே 29 அன்று பாரிஸ் நகரில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' முதன்முறை அரங்கேறியபோது அரங்கில் கூச்சலும் குழப்பமும் மூண்டன. மறு ஆண்டே அதே நகரில் அது கச்சேரியாக இசைக்கப்பட்டபோது மக்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிச் சென்றனர். முதல் நாள் அரங்கில் மதிப்பெண் வாங்கி, அதைக் கொண்டு மட்டும் தேர்ந்திருந்தால் அந்த இசைக்குச் சந்ததியே இருந்திருக்காது.

டார்வினே இதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறார். 1871இல் வெளிவந்த 'மனிதனின் வழித்தோற்றம்' என்னும் நூலில், ஆண் பறவையின் பாட்டுக்கும் பெண் பறவையின் விருப்பத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாகப் பேசினார். அக்கருத்தைத் தழுவிப் பீட்டர் டாட், கிரெகரி வெர்னர் என்னும் இருவர் 1990களின் இறுதியில் கணிப்பொறிக்குள் பாடும் ஆண்களையும் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் பெண்களையும் வைத்து, இருவகையும் பரிணமிக்கும்படி அமைத்தனர். அடுத்து எந்தச் சுரம் வரும் என்று பெண் எதிர்பார்க்கும். அந்த எதிர்பார்ப்பைத் தூண்டிவிட்டு வியப்பூட்டும் பாட்டையும் விரும்பும். அவ்வாறு செய்தபோது பாட்டுகளின் வகைகள் எளிதில் வற்றிவிடவில்லை. காதையும் மாறவிட்டால் தேக்கத்தைத் தள்ளிப் போடலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு. ஆனால் அப்பாட்டுகள் கணிப்பொறிப் பறவைகளுக்கு இனிப்பவை. நமக்கும் இனிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

இன்னொன்று. 2012 ஆய்வில் சுற்றுகளின் மேம்பாட்டை விளக்க உதவிய இரு அளவைகள், சுரக்கூட்டுகளின் தெளிவும் தாளத்தின் நுட்பமும் ஆகும். முதலாவது, மேனாட்டு இசையில் வழங்கும் 'கார்ட்' என்னும் சுரக்கூட்டுகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளப்பது. பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிப்பது அவ்விசையின் உயிர். நம் இராக இசையிலோ சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கமகத்தோடு வருவதே உயிர். இந்த அளவுகோலால் ஆலாபனையை அளந்தால் என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று நம் வயலின் மாணவரே சொல்லிவிடுவார். மேனாட்டு இசையில் தோய்ந்த காதுகள் எதை வளர்த்தன என்று அறிய அந்த அளவுகோல் சரியானதே. 'மனித இனத்தின் இசை எப்படிப் பிறந்தது' என்னும் பெரிய கேள்விக்கு அது போதாது. வேறுவேறு இசை மரபில் வளர்ந்த இரு குழுவினரிடம் ஒரே தொடக்கச் சரக்கைக் கொடுத்து, இரண்டும் ஒரே இடத்தை அடைகின்றனவா, பிரிந்து போகின்றனவா என்று பார்த்தால் அதுவல்லவா சிறந்த சோதனை! நிரல் எழுதத் தெரிந்த நம் கல்லூரி மாணவர்கள்கூட இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம்.

முடிவாக

எடைபோட்டுப் பார்த்தால் என் தீர்ப்பு இதுவே. 'டார்வின் டியூன்ஸ்' நேர்மையாகவும் நுட்பமாகவும் செய்யப்பட்ட சோதனை. கேட்பவர் தேர்வுக்கு ஆற்றல் உண்டு என்பதை அது காட்டியது. அந்த ஆற்றல் எங்கே தீர்ந்துபோகிறது என்பதையும் மறைக்காமல் காட்டியது. குறை, ஆய்வில் இருப்பதைவிட அதைப் பற்றிய ஆரவாரத்தில்தான் மிகுதி. படைப்பவர் தேவையில்லை என்று அச்சோதனை மெய்ப்பிக்கவில்லை. படைப்பவர் செய்யும் வேலையில் ஒரு பகுதி தேர்வு என்றும், அதைப் பிறரும் பகிர்ந்து செய்யலாம் என்றும் மெய்ப்பித்தது.

இன்று எண்ணற்ற ஒலிப்பதிவுகளைப் பயின்று புதுப் பாட்டுகளைத் தரும் கணிப்பொறி அமைப்புகள் வந்துவிட்டன. அவற்றைக் கண்டு மலைப்போரும் உண்டு, அஞ்சுவோரும் உண்டு. அவர்களும் அதே பழைய கேள்வியைக் கேட்கலாம்: தொடக்கச் சரக்கு யாருடையது? கலக்கும் விதி யாருடையது? நல்லது இது என்று சொல்லும் காது யாருடையது? மூன்றுக்கும் விடை கண்டால் மலைப்பும் அச்சமும் அளவுக்கு வந்துவிடும்.

வயலின் மாணவருக்கு இவ்வளவையும் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் நான் சாதகம் செய்யும்போது எனக்குள்ளேயே இது நடக்கிறது, இல்லையா சார்? பத்து விதமாக வாசித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்கிறேன்" என்றார். ஆம், அவர் சொன்னது சரியே. வேறுபாட்டைத் தருவதும், சலிப்பதும், சிதையாமல் காப்பதும் அங்கே ஒரே ஆளிடம் நடக்கின்றன. அந்தக் காதும் நாளுக்கு நாள் வளர்கிறது. ஆயிரம் பேர் மதிப்பெண் போடலாம். மதிப்பெண் போடத்தக்க ஒன்றைக் கொண்டுவந்து வைக்க ஒருவர் வேண்டும். அவரை மாலையில் சாதகத்துக்குத் தாமதமாக்காமல் அனுப்பி வைத்தேன்.